கையெழுத்துக்கு மேலே

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் பனி. மலைக்கோட்டை பாதிதான் தெரிந்தது. எட்டரைக்கெல்லாம் வெயில் சுள்ளென்று.

செய்ய வேண்டியவை: சமையல் கேஸ் பதிவு. செருப்புத் தைக்க. அண்ணனுக்குக் கண் சொட்டு மருந்து (பழைய சீட்டு பர்ஸில்). இரண்டாம் ஆண்டுக்கு மேலைத் தத்துவம் மூன்றாம் அலகுக் குறிப்பு.

குழாய்த் தண்ணீர் இன்றும் இல்லை. பதினோராம் நாள். மாடி வீட்டம்மா, "நாளைக்குக் கண்டிப்பா வரும் டீச்சர்" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "எல்லாரும் சொல்றாங்கள்ல." இதை அறிவு என்று சொல்லக் கூடாது என்பதுதான் மூன்றாம் அலகு.

பதினொரு மணிக்கு அண்ணன் போன். சம்மன் வந்துவிட்டதாம், ஊர் முகவரிக்கு, என் பெயரில். 19ஆம் தேதி வியாழன், காலை பதினொன்று. ஆர்.டி.ஓ. ஆபீஸில் கல்குவாரி விசாரணை.

"நீ பெருசா ஒண்ணும் பேச வேணாம்த்தா. கையெழுத்துப் போடுறப்ப தாள் வெறுமையா இருந்துச்சு. அம்புட்டுத்தான். ஒரு வரி."

ஒரு வரிதான். அதுதான் சிக்கல்.

குழம்பிப் போகாமல் இருக்க நடந்ததை எழுதி வைக்கிறேன். ஜனவரி 26, கிராம சபைக் கூட்டம். குடியிருப்பது திண்டுக்கல் என்றாலும் ஓட்டும் ரேஷன் கார்டும் ஊரில்தான். நத்தம் ரோட்டில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் உள்ளே. வருஷா வருஷம் போவேன். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, தீர்மான நோட்டை நீட்டினார்கள். "டீச்சர் மொதல்ல போடட்டும்." போட்டேன். என்னைப் பார்த்து மற்றவர்கள். மொத்தம் நாற்பத்தொரு பேர். ஒரு வாரம் கழித்து விஷயம் வெளியே வருகிறது: ஊரை ஒட்டிய பாறைக் கரட்டின் தெற்குப் பக்கம் இரண்டாவது குவாரி தோண்ட ஊர் ஏகமனதாகச் சம்மதம் என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. கீழே முதல் கையெழுத்து என்னுடையது.

தெற்குப் பக்கத்திலிருந்து அண்ணன் வீடும் மாந்தோப்பும் கூப்பிடு தூரம். வடக்கே இருக்கும் பழைய குவாரியின் வேட்டில் தெறித்த சில்லுதான் போன வருஷம் அண்ணனின் வலது கண்ணை எடுத்தது. அந்தக் குவாரி இதைவிட மூன்று மடங்கு தொலைவு.

ஊர்க்காரர்கள் மனு கொடுத்துவிட்டார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி, பிறகு மேலே எழுதிக்கொண்டார்கள் என்று. உண்மையா பொய்யா என்று சொல்ல வேண்டியவர் முதலில் கையெழுத்துப் போட்டவர். அதாவது நான்.

நான் தாளைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

தண்ணீர் வந்துவிட்டது, கலங்கலாக. மாடி வீட்டம்மா என்னைப் பார்த்த பார்வையில் கேலி. தகும்.

வகுப்பு. மூன்றாம் அலகு, வை. (பரீட்சையில் பெயரை முழுதாக எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். இங்கே வை. போதும், வைத்தியர் என்பதன் சுருக்கம். படிப்பால் வைத்தியர், முந்நூறு சொச்சம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலேயர். பதினெட்டு வருஷமாக அவரை வைத்துத்தான் என் பிழைப்பு, அதுவும் கௌரவ விரிவுரையாளராக.) பிறக்கும்போது மனசு எழுதாத தாள். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் வழியாக வருவதுதான் அதில் பதியும். அப்புறம் மனசு தன் வேலையைத் தானே கவனிப்பது. இரண்டே வாசல்தான். மற்றபடி பெரியவர்கள் சொன்னார்கள், எல்லாரும் சொல்கிறார்கள் என்பதெல்லாம் நம்பிக்கை. எடை போட்டுப் பார்த்துத்தான் தலையாட்ட வேண்டும்.

பதினெட்டு வருஷமாகச் சொல்கிறேன். நோட்டை நீட்டினால் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறேன்.

முதல் பெஞ்ச் ரிஸ்வானா எதையும் லேசில் விடமாட்டாள். "மேம், ஒண்ணை நாம பார்க்கல. ஆனா நிச்சயமாத் தெரியும். அது என்ன மேம்?"

"யூகம்."

"யூகம் தப்பா?"

"தப்பில்லை. அதைப் பார்த்தேன்னு சொன்னாத்தான் தப்பு."

நல்லவேளை, பெல்.

கேன்டீனில் எலுமிச்சைச் சாதம். ஊறுகாய் இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்

செருப்பு தைத்தாயிற்று. கேஸ் இன்னும் பதியவில்லை.

ஊராட்சி கிளார்க் போன் செய்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாத மனிதர். அம்மா இறந்தபோது இறப்புச் சான்றிதழை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தவர்.

"எப்பவும் உள்ள வழக்கந்தான டீச்சர்? மொதல்ல கையெழுத்து வாங்கிருவோம். இல்லாட்டி சனம் கலைஞ்சு போயிரும். அப்பறம் நிதானமா எழுதிக்கிடுறது. தண்ணித் தொட்டித் தீர்மானம் அப்படித்தான். தெருவிளக்கும் அப்படித்தான். அப்பல்லாம் நீங்க ஒண்ணும் கேக்கலையே?"

"அப்ப இந்தத் தாளும் வெறுமையாத்தான் இருந்துச்சு."

"நான் போன்ல ஒண்ணும் சொல்லலை டீச்சர். விசாரணையில, எழுதித்தான் இருந்துச்சுன்னு சொல்லுவேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல."

வைத்துவிட்டார்.

இப்போது எனக்குத் தெரியும். ஆனால் எப்படித் தெரியும்? அவர் சொல்லாமல் விட்டதிலிருந்து தெரியும். பார்த்துத் தெரியவில்லை.

அவர் கேட்டதும் நியாயந்தான். தண்ணித் தொட்டிக்குப் பார்க்காமல்தான் போட்டேன். நல்லதைத்தான் எழுதுவார்கள் என்று நினைத்தேன், நல்லதைத்தான் எழுதினார்கள். கை பழகிவிட்டது. எரிச்சலாக வருகிறது, அவர்மேல் அல்ல.

பிப்ரவரி 14, சனி

ஊருக்குப் போய் வந்தேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை. சொட்டு மருந்து வாங்கிக்கொண்டேன்.

மா நன்றாகப் பூத்திருக்கிறது. பூவெல்லாம் சாம்பல் நிறம். கொத்தைத் தட்டினால் கல்பொடி பறக்கிறது. "தேனீயே வர மாட்டேங்குது" என்றார் மதினி. "பிஞ்சு பிடிக்காம கருகிக் கருகிக் கொட்டுது. இது வடக்க இருந்து வார தூசி. தெக்கயும் தோண்டுனா என்னத்தச் சொல்ல?"

கத்திரிக்காய் வெஞ்சனம். மோரில் நறநற. புளிப்பு நம் நாக்கில் இருப்பது, மோரில் இல்லை. உருவமும் அளவுந்தான் பொருளிலேயே உள்ளவை என்பார் வை. நறநறப்பை எதில் சேர்ப்பது? மதினியிடம் கேட்கவில்லை.

ஒரு மணிக்குக் குவாரிச் சங்கு. மதினி பேச்சை நிறுத்தாமலே எழுந்து சோற்றுப் பானையை மூடினார், இடது கையால் அலமாரியைப் பிடித்துக்கொண்டார். வேட்டு. டம்ளர்கள் ஆடி நின்றன. கையை எடுத்துவிட்டு எனக்கு மறுசோறு போட்டார்.

சாப்பிட்ட பிறகு அண்ணனிடம் கேட்டேன். "அண்ணே, அன்னிக்கு நீ தாளப் பாத்தியா?"

"பாத்தேன். வெறும் தாளு."

"கண்ணாடி போட்டிருந்தியா?"

"இல்ல."

"இருக்கிறது ஒரு கண்ணு. கண்ணாடியும் இல்ல. எழுதியிருந்தாலும் உனக்கு வெள்ளையாத்தான தெரிஞ்சிருக்கும்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். கோபப்பட்டிருந்தால் தேவலை. அண்ணன் தரையைப் பார்த்தபடி, "நீ மொதல்ல போட்ட. நீ படிச்ச புள்ள, பாத்துத்தான் போட்டிருப்பன்னு நெனச்சேன்" என்றார்.

நாற்பது பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எதையும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

துணி ஊறவைத்தது அப்படியே கிடக்கிறது. தலைவலி.

26ஆம் தேதி பற்றி நிச்சயமாகத் தெரிந்தவை: கொடிக்கம்பத்தடியில் புதுச் சுண்ணாம்பு. மிட்டாய் ஆரஞ்சு நிறம், புடவையில் ஒட்டியது. நூறு நாள் வேலைப் பெண்கள் வெயிலில், ஊராட்சித் தலைவர் வேப்ப மர நிழலில். நோட்டு பச்சை அட்டை. பேனா கிளார்க்குடையது, கடித்த முனை. அப்போது என் போன் அடித்தது, கல்லூரி ஆபீஸிலிருந்து, திருத்திய விடைத்தாள் எப்போது வரும் என்று. பேசிக்கொண்டே போட்டேன்.

தாளின் மேல்பாதியைக் கிளார்க்கின் கை மறைத்திருந்ததா? மறைத்திருந்ததாக ஒரு ஞாபகம் வருகிறது. போன வாரம் இந்த ஞாபகம் இல்லை. எனக்கு வேண்டும் என்பதால் மனசு செய்து கொடுக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வை. இன்னொன்றும் சொல்வார்: ஞாபகம் எதுவரை பின்னால் போகிறதோ அதுவரைதான் நான் என்பது நான். அப்படியானால் கையெழுத்துப் போட்டவள் வேறு எவளோ. என் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். விசாரணையில் சொன்னால் நன்றாக இருக்கும்.

சாயங்காலம் மதினி போன்.

"செண்பகம், ஒரு வார்த்ததான். பொய்கூட இல்ல. ஊருக்கே தெரிஞ்சதத்தான் சொல்லப் போற."

"பாக்காத ஒண்ண எப்படி மதினி..."

"இருக்கிற இன்னொரு கண்ணையும் அவரு குடுக்கணுமா?"

பதிலுக்கு நிற்காமல் வைத்துவிட்டார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

நான்காம் அலகு. ஆட்சி என்பது ஆளப்படுகிறவர்களின் சம்மதத்தில் நிற்பது. சம்மதம் இல்லாமல் ஒருவன் பொருளில் கைவைக்க அரசுக்கும் உரிமை இல்லை. சரி, நான் எங்கே சம்மதித்தேன் என்று ஒருவன் கேட்டால்? வாயால் சொல்லாவிட்டாலும், அந்த நாட்டு ரோட்டில் நடந்தாலே சம்மதித்ததாகத்தான் கொள்ள வேண்டும் என்கிறார் வை.

ரிஸ்வானா: "அப்ப ஒத்துக்காதவங்க எங்க மேம் நடக்குறது?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்தைப் புரட்டச் சொன்னேன்.

அப்புறம் நிலம். யாருக்கும் சொந்தமில்லாததில் ஒருவன் தன் உழைப்பைச் சேர்த்தால் அது அவனுடையது. ஆனால் மற்றவர்களுக்கும் போதுமான அளவு, அதே தரத்தில் மிஞ்ச வேண்டும். "கரட்டை வெட்டி எடுத்தா மத்தவங்களுக்கு மிஞ்சுறது பள்ளம்" என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டார்கள், பரீட்சைக்கு வரும் என்று.

முடிவு செய்துவிட்டேன். பொய் சொல்லப் போகிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் முடிவு முடிவுதான். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். தாள் வெறுமையாக இருந்தது. நான் பார்த்தேன். நான்காவது தடவை எனக்கே உண்மையாகப் பட்டது. பயந்துபோய் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

பிப்ரவரி 19, வியாழன்

நடந்ததை நடந்தபடி.

பதினொன்று என்றார்கள், ஒரு மணிக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம் அண்ணன், மதினி, நான், இன்னும் இருவர். எதிர் பெஞ்சில் தலைவரும் கிளார்க்கும். கிளார்க் எனக்கு வணக்கம் சொன்னார்.

விசாரணை அதிகாரி என் வயதுப் பெண். களைத்த முகம், மரியாதையான பேச்சு. "உக்காருங்க மேடம். தண்ணி குடிக்கிறீங்களா?"

கேட்டார்: "நீங்க கையெழுத்துப் போடும்போது தீர்மானம் எழுதியிருந்துச்சா?"

"எழுதலைங்க. வெறும் தாள்."

சொல்லிவிட்டேன். அவர் விட்டிருக்கலாம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "நீங்களே கண்ணால பாத்தீங்களா மேடம்?"

பார்த்தேன் என்ற ஒரு சொல். வாய் திறந்தது, வரவில்லை. வகுப்பறை ஞாபகம் வந்ததா, கண்ணாடி முன்னால் பயந்தது ஞாபகம் வந்ததா தெரியவில்லை.

"பாக்கலைங்க. போன்ல பேசிக்கிட்டே போட்டேன்."

பின்னால் மதினி மூச்சை இழுத்தது கேட்டது. டைப் அடித்தார்கள். இந்தத் தடவை மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். அடியில் மிச்சம் இருந்த வெற்றிடத்தைக் குறுக்கே கோடு போட்டு அடைத்தேன்.

அதன் பிறகுதான் அடையாளம் காட்டச் சொல்லிப் பச்சை நோட்டைத் திறந்தார்கள். அந்தப் பக்கத்தை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறேன். மேலே எழுத்து பெரிது, வரிக்கு வரி தாராளமாக இடம். இறங்க இறங்கச் சிறிதாகிறது. கடைசி மூன்று வரி நெருக்கியடித்துக்கொண்டு. என் கையெழுத்தில் 'செ' போடும்போது கொம்பை உயரமாகச் சுழிப்பேன். கடைசி வரி அந்தச் சுழி கிட்டே வந்ததும் வளைந்து மேலேறி, தாண்டி, மறுபடி இறங்குகிறது. கையெழுத்து அங்கே முதலிலேயே இருந்தால்தான் எழுத்து அப்படிச் சுற்றிப் போகும்.

"மேடம், இங்க பாருங்க" என்றேன். விரலை வைத்துக் காட்டினேன்.

அவர் பார்த்தார். சும்மா இல்லை, குனிந்து நன்றாகவே பார்த்தார். கிளார்க் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இருக்கலாம்" என்றார் அதிகாரி. "ஆனா இது உங்க யூகம். நீங்க கண்ணால பாத்ததத்தான் நான் பதிய முடியும். பாக்கலைன்னு சொல்லிக் கையெழுத்தும் போட்டுட்டீங்க."

"இத இப்பப் பாக்குறேனே. இதச் சேத்து எழுதுங்க."

"அடுத்த ஆளக் கூப்பிடுங்க."

அடுத்தது அண்ணன். "பாத்தேங்க, வெறும் தாளு" என்று உரக்கச் சொன்னார். சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டித் தேதி என்ன என்று கேட்டார்கள். அண்ணன் ஒற்றைக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். எல்லாரும் காத்திருந்தோம். "பதினேழுங்க" என்றார். தலைவர் சிரிக்கவில்லை, அதற்கு அவசியம் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் அண்ணன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "பாக்கலைன்னா பாக்கலைன்னுதான சொல்லணும். விடுத்தா." மதினி பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்துவிட்டார். வண்டி கிளம்பும்வரை திரும்பவில்லை.

டீயைக் குடிக்க முடியவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. கேஸ் வந்தது.

உத்தரவும் வந்தது. தீர்மானம் செல்லும். காரணம்: "முதலில் கையொப்பமிட்டவரே தாள் வெற்றாக இருந்ததைத் தாம் காணவில்லை எனத் தெரிவித்துள்ளார்." எழுதியிருந்ததையும்தான் நான் காணவில்லை. அது உத்தரவில் இல்லை. சுழியைச் சுற்றிப் போகும் வரியும் இல்லை.

நான் சொன்னது உண்மை. அந்த உண்மையை வைத்து ஒரு பொய்யை நிறுத்திவிட்டார்கள். ஆத்திரமாக வருகிறது. யார்மேல் என்று பிரித்துப் பார்க்க இன்றைக்குத் தெம்பு இல்லை.

ரிஸ்வானாவின் தேர்வுத்தாள் திருத்தினேன். ரோட்டில் நடப்பது பற்றிய கேள்விக்குப் பாடத்தில் உள்ளபடியே எழுதியிருக்கிறாள். முழு மதிப்பெண்.

மார்ச் 8, ஞாயிறு

ஊர். கரட்டின் தெற்குப் பாறைகளில் சிவப்புப் பெயின்டில் நம்பர் போட்டிருக்கிறார்கள். பாறை துளைக்கும் கம்பிரசர் வண்டி வந்து நிற்கிறது. வேட்டு இந்த வாரம் தொடங்கும் என்கிறார்கள். மாந்தோப்பில் பூவெல்லாம் கீழே.

நாளை திங்கள், கலெக்டர் ஆபீஸில் மனு நாள். அண்ணன் கூப்பிட்டதே அதற்குத்தான். நான் உட்கார்ந்ததும் உள்ளே போய் ஒரு முழுநீளத் தாளைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். கீழ்ப்பாதி முழுக்கக் கையெழுத்து. கைநாட்டு ஒன்பது. முதலாவது அண்ணனுடையது, மேல்சுழி பெரிதாக. மேல்பாதி வெறுமை.

"என்னண்ணே இது?"

"நாப்பது பேரும் போட்டாச்சு. நீ மேல மனுவ எழுது."

"எழுதுறதுக்கு முன்னாடியேவா? என்ன எழுதப் போறோம்னு யாரும் கேக்கலையா?"

"எதுக்குக் கேக்கணும்? நீதான எழுதப் போற." அண்ணனுக்கு என் முகம் ஏன் அப்படிப் போனது என்று புரியவில்லை. "விடிஞ்சா பூவெடுக்க, வேலைக்குன்னு போயிருவாக. சனம் கலைஞ்சு போயிரும்லத்தா. அதான் இருக்கப்பவே வாங்கி வச்சேன்."

வேண்டாம், வேறு தாளில் எழுதிப் படித்துக் காட்டி, மறுபடி எல்லாரிடமும் வாங்குவோம் என்றேன்.

"எப்ப வாங்குறது? பாதிப் பேரு நத்தத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாக. உனக்குப் பஸ்ஸு நாலரைக்கு. நாளைய விட்டா அடுத்த திங்கக் கெழம. அதுக்குள்ள வேட்ட வச்சிருவான்."

அப்போது மதினி வந்தார். விசாரணைக்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர். பேனாவை நீட்டினார். "எழுது" என்றார். கோபமாக இல்லை.

மணி மூன்றரை. எழுத ஆரம்பித்தேன். ஐயா, வணக்கம் என்று பெரிய எழுத்தில் தொடங்கிவிட்டேன், சொல்ல இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. கண். தோப்பு. மோரில் கல்பொடி. பச்சை நோட்டில் வளைந்து போகும் அந்த வரி. நடுவில் நிறுத்தி அண்ணனுக்கும் மதினிக்கும் வாசித்துக் காட்டினேன். மற்ற முப்பத்தெட்டுப் பேருக்கும் வாசித்துக் காட்ட நேரம் இல்லை. குவாரியை நிறுத்த வேண்டும் என்ற வேண்டுகோளை இன்னும் எழுதவில்லை, அதற்குள் மூன்று விரல் இடம்தான் மிச்சம்.

எழுத்தைச் சிறிதாக்கினேன். கடைசி மூன்று வரியை நெருக்கி எழுதி, அண்ணனின் சுழி வந்த இடத்தில் வளைத்து மேலே கொண்டுபோனேன்.